கையெழுத்து விழாத ஒப்பந்தம்

1954 ஜூலை. புதுச்சேரி என்றைக்கு இந்தியாவோடு சேரும் என்று எங்கள் கரியமாணிக்கம் பக்கம் நாள் எண்ணிக்கொண்டிருந்த காலம். அதே மாதம் லண்டனில், விம்பிள்டன் புல்தரையில், 17 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வீழ்த்தி ஜூனியர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பட்டம் ஆசியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. நவம்பர் 1-ல் நம் மண் கைமாறியபோது, ராமநாதன் கிருஷ்ணன் என்ற பெயர் டென்னிஸ் உலகுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

நாகர்கோவிலில் பிறந்து தென்காசியில் வளர்ந்தவர் கிருஷ்ணன். அப்பா டி.கே.ராமநாதனும் பேர்பெற்ற ஆட்டக்காரர். மகனுக்கு அவரே குரு. கிருஷ்ணனின் சர்வீஸில் இடி முழக்கம் இருக்காது. நாற்று நடுகிற கை அழுத்தவும் கூடாது, தளரவும் கூடாது அல்லவா? அந்தப் பக்குவம் அவர் ராக்கெட்டில் இருந்தது. எதிராளி ஓடிவந்து சேருமுன் பந்து தரையில் இரண்டாம் முறை விழுந்திருக்கும்.

1959-ல் டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் ராட் லேவரையே தோற்கடித்தார். அமெரிக்காவின் பழைய விம்பிள்டன் சாம்பியன் ஜாக் கிராமர் அவரைத் தேடி வந்தார். கிராமர் நடத்திய தொழில்முறைக் குழுவில் சேர்ந்தால் மூன்றாண்டுக்கு 1,50,000 டாலர். அன்றைய கணக்கில் 7 லட்சம் ரூபாய்க்கு மேல்! ஆனால், காசுக்கு ஆடுகிறவருக்கு அந்நாளில் விம்பிள்டனிலும் இடமில்லை, டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. விம்பிள்டனில் அந்த விதி மாறியது 1968-ல்தான். கிருஷ்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1960-ல் விம்பிள்டன் அரையிறுதி. 1961-ல் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்று மறுபடியும் அரையிறுதி. முதலில் நீல் ஃபிரேசரிடமும் அடுத்து லேவரிடமும் தோற்றார். இருவரும் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டத்தில் இன்றுவரை வேறு எந்த இந்தியரும் அரையிறுதியைத் தொட்டதில்லை.

1966-ல் கல்கத்தாவில் பிரேசிலுடன் டேவிஸ் கோப்பை மோதல். இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக் இரண்டு செட்டுக்கு ஒன்று என முன்னிலை. நான்காவது செட்டிலும் கிருஷ்ணன் 2-5 எனப் பின்தங்கிவிட்டார். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து அந்த செட்டை 7-5 என்று பறித்தார். ஐந்தாவது செட் 6-2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒற்றை வெற்றியும் நியூகோம்ப், ரோச் ஜோடிக்கு எதிராகக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் பெற்றதுதான்.

1959-ல் அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தால் கல்கத்தாவின் அந்த மாலை நமக்கு வாய்த்திருக்காது. கோப்பைகளை எண்ணி ஒருவரை அளப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1979-ல் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்று வந்தவர், அவர் மகன் ரமேஷ். அந்தக் கதை அடுத்த வாரம்.