பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் எச்.ஐ.வி. அச்சம்: முதல் 72 மணி நேரமும் அடுத்த 3 மாதங்களும்

ஆணுறையின்றி உறவு கொண்ட பின்னரோ, ஆணுறை கிழிந்துவிட்ட நிலையிலோ எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற அச்சம் பலரை ஆட்கொள்கிறது. வெட்கத்தால் யாரிடமும் கூறாமல் அவர்கள் நாள்களைக் கடத்துகின்றனர். ஆனால், தொற்றைத் தடுக்கும் மருந்து பயன்படக்கூடிய காலம் முதல் 72 மணி நேரம் மட்டுமே. மறுபுறம், உரிய காலத்தில் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என உறுதியான பிறகும் அச்சம் நீங்காமல் அவதிப்படுவோர் உள்ளனர். எப்போது விரைய வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது அச்சத்தை விட்டுவிடலாம் என்பதை அறிந்துகொள்வது இவ்விரு தரப்பினருக்கும் உதவும்.

ஆபத்து எவ்வளவு?

இரத்தம், விந்து, பிறப்புறுப்பு மற்றும் மலக்குடல் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே எச்.ஐ.வி. பரவுகிறது. கைகுலுக்குதல், கட்டித் தழுவுதல், ஒரே பாத்திரத்தில் உண்ணுதல், பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துதல், கொசுக்கடி ஆகியவற்றால் பரவுவதில்லை. உமிழ்நீராலும் பரவாது.

தொற்று உள்ள, சிகிச்சை பெறாத ஒருவருடன் ஆணுறையின்றி ஒரு முறை உறவு கொள்ளும்போது தொற்று ஏற்படும் வாய்ப்பை மருத்துவ ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. யோனிவழி உறவில் 10,000 முறைக்குப் பெண்ணுக்குச் சுமார் 8, ஆணுக்குச் சுமார் 4 என்பது அந்த மதிப்பீடு. ஆசனவாய்வழி உறவை ஏற்பவருக்கு இது சுமார் 138 ஆக உயர்கிறது. வாய்வழி உறவில் வாய்ப்பு மிகக் குறைவு. இவை சராசரிக் கணக்குகளே. பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் ஆபத்து கூடும். முறையாகக் கூட்டு மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை.

இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 0.2 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ளது. ஒரு முறை நிகழ்ந்த உறவால் தொற்று உறுதி என எண்ணுவது தவறு. ஆனால், வாய்ப்பு குறைவு என்பதாலேயே பரிசோதனையைத் தவிர்ப்பதும் தவறு.

72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது

ஆபத்தான தொடர்பு நிகழ்ந்திருந்தால் உடனடியாக அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவையோ, ஏ.ஆர்.டி. மையத்தையோ அணுக வேண்டும். தொற்றுக்குப் பிந்தைய தடுப்புச் சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மருந்துகள் அடங்கிய இச்சிகிச்சையை 28 நாள்கள் இடைவிடாமல் தொடர வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் கடந்தபின் பலன் இராது. உறவு கொண்ட மற்றவரின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்து காலத்தை இழக்கக் கூடாது.

மருத்துவரைக் காணாமல் இம்மருந்துகளைக் கடையில் வாங்கி உட்கொள்வது ஆபத்தானது. சிறுநீரகத்தின் நிலையையும் ஹெபடைடிஸ் பி தொற்றையும் முன்னதாகப் பரிசோதிக்க வேண்டியது அவசியம். பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனடியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது.

பரிசோதனை எப்போது?

கிருமி உடலில் நுழைந்த மறுநாளே பரிசோதனையில் தெரிந்துவிடாது. தொற்று ஏற்பட்டதற்கும் பரிசோதனையில் வெளிப்படுவதற்கும் இடைப்பட்ட காலம் சாளரக் காலம் எனப்படுகிறது. கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கு இது 10 முதல் 33 நாள்கள். ஆய்வகத்தில் செய்யப்படும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள்கள். நோய் எதிர்ப்பான்களை மட்டும் கண்டறியும் விரைவுப் பரிசோதனைக்கு 23 முதல் 90 நாள்கள்.

எனவே, முதல் நாளில் செய்யும் பரிசோதனை, முன்பே தொற்று இருந்ததா என்பதை மட்டுமே காட்டும். 3 மாதங்கள் நிறைந்தபின் செய்யும் பரிசோதனையில் தொற்று இல்லை எனில் அதையே இறுதி முடிவாகக் கொள்ளலாம். தடுப்புச் சிகிச்சை எடுத்தவர்கள் மருத்துவர் குறிப்பிடும் கூடுதல் இடைவெளிகளிலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இறுதி முடிவு தெரியும்வரை வாழ்க்கைத் துணையுடனான உறவில் ஆணுறை அணிவது கட்டாயம்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்களில் இப்பரிசோதனை இலவசம். தமிழ்நாட்டில் இவை நம்பிக்கை மையங்கள் என அழைக்கப்படுகின்றன.

பரிசோதனைக்காக இரத்த தானம் கூடாது

தம் நிலையை அறிவதற்காக இரத்த தானம் செய்வது பெருந்தவறு. தானமாகப் பெறப்படும் இரத்தம் பரிசோதிக்கப்பட்டாலும், சாளரக் காலத்தில் உள்ள தொற்று அதில் தெரியாமல் போகலாம். அந்த இரத்தம் ஏற்றப்படும் நோயாளியே அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

அறிகுறிகளை நம்பலாமா?

தொற்று ஏற்பட்ட 2 முதல் 4 வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, நிணநீர்க் கட்டி வீக்கம் ஆகியவை தோன்றலாம். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இவை தோன்றும். தொற்று உள்ள பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. மிகுந்த மனக்கவலையே வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, எடை குறைவு, உடல் அரிப்பு ஆகியவற்றை உண்டாக்கக் கூடும். ஆகவே, அறிகுறிகளைக் கொண்டு தொற்று உள்ளது என்றோ இல்லை என்றோ முடிவு செய்ய இயலாது.

மறக்கப்படும் பிற நோய்கள்

எச்.ஐ.வி. பற்றிய அச்சத்தில் பிற பால்வினை நோய்களைப் பலர் மறந்துவிடுகின்றனர். மேகவெட்டை பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் சீழ், சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றுடன் வெளிப்படும். பெண்களில் பலருக்கு அறிகுறியே இராது. சிபிலிஸ் நோயில் வலியற்ற புண் சராசரியாக 3 வாரங்களில் தோன்றித் தானாகவே ஆறிவிடும். ஆனால், நோய் உடலில் தொடரும். கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கும் அது பரவும். தக்க நேரத்தில் போடப்படும் பென்சிலின் ஊசி இதைக் குணப்படுத்துகிறது. ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உள்ளது. சுயமாக ஆன்டிபயாடிக் மாத்திரை உட்கொண்டால் நோய் மறைந்து நிற்குமே தவிர முழுமையாகத் தீராமல் போகலாம்.

ரகசியம் காக்கப்படுமா?

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, ஒருவரின் ஒப்புதல் பெற்றே பரிசோதிக்க வேண்டும் என வலியுறுத்துகிறது. முடிவை ரகசியமாகக் காக்கவும் அச்சட்டம் வகை செய்கிறது. வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசிய எய்ட்ஸ் உதவி மையத்திடம் ஆலோசனை பெறலாம்.

அச்சம் நீங்காவிட்டால்

3 மாதங்களுக்குப் பின் தொற்று இல்லை என உறுதியான பிறகும் மீண்டும் மீண்டும் பரிசோதித்துக்கொள்வதும், உடலில் அடையாளங்களைத் தேடுவதும் தொடர்ந்தால், அது கிருமியால் வந்த சிக்கல் அன்று. பல நேரங்களில் குற்ற உணர்வே நோய் அச்சமாக உருமாறி நிற்கிறது. மற்றுமொரு இரத்தப் பரிசோதனை அதற்குத் தீர்வாகாது. மனநல மருத்துவரின் உதவியே தீர்வாகும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது.

தொற்று உறுதியானாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. சிகிச்சையைக் காலந்தாழ்த்தாமல் தொடங்கி முறையாகத் தொடர்வோர், பிறரைப் போலவே நீண்ட காலம் நலமாக வாழ்கின்றனர்.