தரங்கம்பாடி: கோட்டையும் கடற்கரையும்

தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலோரம் அமைந்த மீனவர் ஊர். தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி டேனியர் இங்கு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியதும் இக்கரையில்தான். 1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அதன்பின் துறைமுக வணிகம் மங்கியது. புதிய கட்டடங்கள் பெருகாததால் பழைய தெருக்கள் தப்பின. இன்றைய சுற்றுலாவின் முதலீடு அந்த வீழ்ச்சியே எனலாம்.

டேனியருக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது மாசிலாமணிநாதர் கோயில். கடல் அரிப்பில் அதன் முன்பகுதி அழிந்தது. கோட்டையைப் பார்க்க வருவோர் இந்தக் கோயிலையும் பார்க்க வேண்டும். இக்கரையில் கடல் எவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பைச் சிதைத்தது, உயிரிழப்பும் மிகுதி. பின்னர் இன்டாக் அமைப்பு பழைய வீடுகள் சிலவற்றைச் சீரமைத்தது. கோட்டைச் சீரமைப்பில் டென்மார்க்கின் தரங்கம்பாடி சங்கமும் பங்கேற்றது. மீனவர்களுக்குப் புதிய வீடுகளைத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டியது. ஆக, மரபுக் கட்டடங்களின் மீட்பும் மீனவர் மறுவாழ்வும் ஒரே காலத்தில், ஒரே கரையில் நடந்தன. ஆனால் பயணிகளின் வழிகாட்டிகளில் முதலாவதே விரிவாக இடம்பெறுகிறது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மீனவர்க்குக் கரை வேண்டும். விடுதிக்கும் உலாவிடத்துக்கும் அதே கரைதான் கேட்கப்படும்.