மதுசார எரிபொருளும் பிரேசிலின் கரும்பு வெட்டுநரும்

பெற்றோலுக்கு மாற்றாகப் பயிரெரிபொருள் எவ்வர்க்கத்தின் தேவையால் எழுந்தது என்னும் வினாவைப் பிரேசிலின் அனுபவங்கொண்டு நாம் எழுப்புதல் தகும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம், தன் எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இறக்குமதி செய்த அந்நாட்டை உலுக்கியது. 1974இன் இறுதியில் உச்சந்தொட்ட உலகச் சீனி விலையோ மறு ஆண்டே சரிந்தது. 1975 நவம்பரில் கைசலின் இராணுவ ஆட்சி தொடக்கிய ‘புரோஅல்கூல்’ திட்டம் இவ்விரு நெருக்கடிகளுக்கும் ஒருங்கே விடையாயிற்று. கரும்புச்சாற்றை நொதிக்கச்செய்து வடித்த மதுசாரத்தைப் பெற்றோலுடன் கலக்கும் அளவு பெருக்கப்பட்டது. ஆலையுடைமையாளருக்குச் சலுகைக் கடன் கிடைத்தது. 1979இல் மதுசாரத்தில் மட்டுமே ஓடும் கார்கள் சந்தைக்கு வந்தன. தொழினுட்பச் சாதனை என்பதினும் சீனி முதலாளித்துவத்தின் மீட்பென்றே இதனை நாம் கொள்வோம்.

அக்கரும்பை வெட்டியோர், நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்டு லொறிகளில் ஏற்றிச்செல்லப்பட்ட பருவகாலக் கூலிகள். வீட்டிற் சமைத்துக் கொணர்ந்ததை வயலில் ஆறிய நிலையில் உண்டமையால் ‘பொய்யாஸ் ஃபிரியாஸ்’, அதாவது ஆறிய சோற்றினர், எனப்பட்டனர். (நாட்டின் கார்களுக்கு எரிபொருள் தந்தோர் இவர்களே.) ஒருவர் ஒருங்கே வெட்டவேண்டிய வரிசைகளை ஐந்திலிருந்து ஏழாக ஆலைகள் உயர்த்தின. வெட்டிய கரும்பை நடுவரிசைக்குச் சுமந்துசெல்லும் தூரம் நீண்டது. வெட்டிய அளவுக்கே கூலி என்றிருந்தமையால் உழைப்பு மட்டுமே கூடிற்று. 1984 மே மாதம் சாவோ பவுலோ மாநிலத்துக் குவாரிபாவில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் ஏற்பட்ட உடன்பாட்டில் ஐந்து வரிசை முறை மீண்டது.