துவர்ப்புக்கு வந்த மரியாதை

டீயில் இருக்கும் துவர்ப்பைப் பெரியவர்கள் ஒரு காலத்தில் நஞ்சு என்றார்கள். இன்று அதையே 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று டப்பாவில் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியே காலத்தை ஓட்டியவன் நான். சரக்கு அப்படியே இருக்க, அதற்குக் கிடைத்த பேர் மட்டும் இப்படித் தலைகீழானதை வேறெதிலும் பார்த்ததில்லை.

1942-ல் ஆகாகான் மாளிகையில் காவலில் இருந்தபோது காந்தி உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தோலை இறுக்கப் பயன்படும் டானின் டீயிலும் இருக்கிறது, அது குடலையும் அப்படித்தான் ஆக்கும் என்பது அதில் அவர் கட்சி. வங்கத்தில் பிரபுல்ல சந்திர ராய் எவ்வளவு பெரிய வேதியியலாளர்! அவரும் டீக்கு எதிரிதான். ஒன்று சொல்ல வேண்டும்: தோல் பதனிடும் டானின் வேறு, டீயிலுள்ள கேட்டச்சின் வேறு. ஆனால் இரண்டும் பாலிஃபீனால் குடும்பம். பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் கோபப்பட்டதற்குக் காரணம் உண்டு. நீலகிரியில் 1830களிலேயே டீச்செடி வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் மலையில் விளைந்த டீ பெரும்பாலும் கப்பலேறியது. சென்னைக் கடலோரப் பட்டினப்பாக்கத்தில் எங்கள் குப்பத்து ஆட்கள் குடிக்க அல்ல. 1903-ல் ஏற்றுமதி டீ மீது தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்யச் சட்டம் வந்தது. 1930களில் உலகச் சந்தையில் விலை சரிந்ததும் தோட்டக்காரர்களின் கண் உள்ளூர் வாய்கள் மேல் விழுந்தது. சந்தையில் கொதிக்க வைத்து இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். ரயில் நிலையங்களில் எனாமல் பலகை மாட்டினார்கள். மலேரியா வராது என்றுகூட வங்காளத்தில் எழுதி வைத்தார்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லி டீ விற்பது நேற்று வந்த பழக்கம் இல்லை.

பட்டினப்பாக்கத்தில் அதற்கு முன்னால் விடிகாலை என்றால் கஞ்சிதான். எங்கள் ஆயா கடைசிவரை பழைய கஞ்சியும் சுட்ட கருவாடும்தான். "ஓசியில ஊத்திப் பழக்கிட்டு இப்ப காசு கேக்குறான்" என்பாள். அம்மா காலத்தில் கஞ்சி போய், டீயும் பன்னும் வந்துவிட்டது. மயிலாப்பூர் மாட வீதியில் டிகிரி காப்பி, ஒரு நடை தள்ளிக் கடலோரம் வந்தால் டஸ்ட் டீ. காசு மட்டுமல்ல, சாதியும் சேர்ந்து போட்ட கோடு அது.

அந்த டஸ்ட்டுக்கு 1930-ல் அசாமின் அம்கூரி தோட்டத்தில் பிறந்த இயந்திரம்தான் மூலம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரம். இலை இப்படிச் சிதைந்ததும் அதிலுள்ள கேட்டச்சின் காற்றோடு கலந்து தியாஃபிளேவின், தியாருபிஜின் என்று மாறுகிறது. செம்பழுப்பு நிறமும் கடுப்பும் அவற்றால்தான். கொஞ்சம் தூளில் நிறைய கிளாஸ் வரும், பால் எவ்வளவு ஊற்றினாலும் நிறம் தாங்கும். பாய்லர் கடைக்கு வேறென்ன வேண்டும்?

டீக்கு மரியாதை திரும்பியது 1993-ல். நெதர்லாந்தின் சுட்ஃபென் நகரில் 805 முதிய ஆண்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள், பாலிஃபீனால் குடும்பத்து ஃபிளேவனாய்டு அதிகம் எடுத்தவர்களிடம் மாரடைப்புச் சாவு பாதிக்கும் குறைவு என்றார்கள். அந்தச் சத்தில் பெரும்பங்கு டீயிலிருந்து வந்தது. நாலு வருஷம் கழித்து வேல்ஸ் நாட்டுக் கேர்ஃபில்லியில் பார்த்தால் அந்த நன்மையைக் காணோம். அங்கே டீயில் பால் ஊற்றுவார்கள், அதனால் இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரின் விவரத்தை அலசியபோது, தினம் இரண்டு கப்போ அதற்கு மேலோ குடிப்பவர்களுக்குச் சாகும் அபாயம் கொஞ்சம் குறைவு, பால் ஊற்றினாலும் அப்படியே என்று வந்தது. இவையெல்லாம் குடித்தவர்களைக் கவனித்துச் சொன்னவை. டீயால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. என் கணக்கில் டீ கெடுதல் இல்லை, மருந்தும் இல்லை.

ஆனால் அந்தப் பாலிஃபீனால் செய்யும் இன்னொரு வேலையை டப்பாவில் எவனும் அச்சடிப்பதில்லை. கீரை, பருப்பு, தானியத்திலிருந்து வரும் இரும்புச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். உடம்பில் சரியாக ஏற விடாது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. அம்மாவுக்கும் இருந்தது. மீன்கூடையோடு மந்தைவெளி வரை நடந்து திரும்பி, சோறு தின்ற கையோடு ஸ்ட்ராங்காக ஒரு டீ குடிப்பாள். பெரியாஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் அந்த டீயிலேயே விழுங்குவாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து டீக்கடையில் நிற்கும் அக்காமார்களுக்கு நான் சொல்வது இதுதான்: டீயை விடாதீங்க. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்க, கொதிக்கக் கொதிக்கக் குடிக்காம மாஸ்டரை நல்லா ஆத்தித் தரச் சொல்லுங்க. இரும்பு மாத்திரையைத் தண்ணியில போடுங்க.