ஒரு சின்னத் தேவாலயத்தின் தருமம்: நமக்கும் ஒரு பாடம்



நோன்புக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. ஊரில் உலர் உணவுப் பொதிக்குப் பெயர்ப்பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வட்ஸ்அப் குழுவிலும் எத்தனை பொதி, எங்கே வைத்துக் கொடுப்பது, யாரை அழைத்துக் கொடுப்பது என்று பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் முதலாம் தவணைத் தொடக்கத்தில் ஓர் உதவி அமைப்பு எங்கள் பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகளும் புத்தகப் பைகளும் கொண்டுவந்து தந்தது. நல்ல காரியம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பையைக் கையில் கொடுத்து, ஒவ்வொருவராகப் படம் எடுத்தோம். எடுத்தவன் நான். அன்றிரவே முகநூலில் போட்டவனும் நான்தான். மாஷா அல்லாஹ் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

தரம் எட்டில் படிக்கும் ஒரு பையன் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவனுடைய உம்மா வாசலில் நின்றபடியே சொன்னார்: "கொப்பி தந்ததுக்கு அல்லாஹ் உங்களுக்கு நல்லதச் செய்யட்டும் சேர். அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துடுங்க. கூட்டாளிமார் பார்த்துட்டாங்களாம். புள்ள வெக்கப்படுறான்."

அங்கேயே நின்று படத்தை அழித்தேன். அதற்குள் அது வேறு குழுக்களுக்கும் போய்விட்டது. ஒரு கிழமை கழித்துப் பையன் பாடசாலைக்கு வந்தான். புதுப் பையைக் கொண்டுவரவில்லை. தைத்த பழைய பையோடுதான் வந்தான்.

அதற்குப் பிறகுதான், ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் ஒரே வரியில் கடந்துபோன ஒரு பெயரைத் தேடிப் போனேன். டொயின்பீ ஹோல். லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைகளுக்கு நடுவே படித்தவர்கள் குடியிருந்து வேலை செய்த இடம் என்று குறிப்பெடுத்திருந்தேன். அது ஒரு சின்னத் தேவாலயப் பங்கிலிருந்து பிறந்தது. அந்தப் பங்கின் கதையில் என் தவறும் இருந்தது, அதற்கு நேர் எதிரான இன்னொரு தவறும் இருந்தது.

பங்கு என்றால் ஒரு தேவாலயத்துக்குட்பட்ட குடியிருப்பு. நமது மஹல்லா போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1873ஆம் ஆண்டு. லண்டனில் வைட்செப்பல் என்ற பகுதி. அங்கே புனித யூதா தேவாலயம் என்று ஓர் அங்கிலிக்கன் தேவாலயம். துறைமுகத்தில் அன்றாடம் கூலிக்கு நிற்பவர்கள், ஒரே அறையில் முழுக் குடும்பமாக இருப்பவர்கள், இரவுக்கு மட்டும் காசு கொடுத்துப் படுக்கும் விடுதிகளில் தங்குபவர்கள் வாழ்ந்த இடம் அது. அந்தப் பங்கைப் பொறுப்பெடுக்க வந்தவர் சாமுவேல் பார்னெட் என்ற இளம் குரு. அதே வருடம்தான் அவருக்கும் ஹென்றியேட்டாவுக்கும் திருமணம் நடந்தது. இருவரும் வசதியான ஒரு பங்கைக் கேட்டிருக்கலாம். இதைத்தான் எடுத்தார்கள்.

அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம், தன் மறைமாவட்டத்திலேயே மோசமான பங்கு இதுதான் என்று லண்டன் ஆயரே அவரை எச்சரித்தார். அதற்கு ஆயர் சொன்ன காரணங்களில் ஒன்று நாம் கவனிக்க வேண்டியது. தருமக் காசு அந்தப் பங்கைக் கெடுத்துவிட்டது என்பதுதான் அது.

அது எப்படி என்பது முதல் ஞாயிறே பார்னெட்டுக்கு விளங்கியது. ஆராதனைக்கு வந்தவர்கள் ஆறேழு வயோதிபப் பெண்கள். வந்ததற்குக் கையில் ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள். காசைக் கொடுத்துக் கொடுத்து, தேவாலயத்துக்கும் ஏழைக்கும் இடையில் இருந்த உறவு கையேந்தும் உறவாக மட்டுமே மிஞ்சியிருந்தது.

பார்னெட் அதை நிறுத்தினார். வாசலில் காசு கிடையாது என்றார். சனம் கோபப்பட்டது. குருமனையின் கதவைத் தட்டினார்கள், கூச்சல் போட்டார்கள், ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். கடைசியில் வீட்டிலிருந்து தேவாலயத்துக்குள் போக ஒரு கதவு வெட்ட வேண்டி வந்தது. கூட்டம் வாசலில் நிற்கும்போது அந்த வழியாக நழுவிப்போய் பொலிஸைக் கூப்பிடுவதற்காக. பசித்தவனுக்குக் கொடுக்க வந்த ஒரு குரு, பசித்தவனுக்குப் பயந்து பின்கதவால் போன கதை இது.

இனித்தான் இரண்டாவது தவறு.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு புதிய சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. 1869இல் லண்டனில் தொடங்கிய தரும ஒழுங்கமைப்புச் சங்கம் அதன் மையம். கண்டபடி கொடுக்கக் கூடாது, ஒவ்வொருவரையும் விசாரித்து, தகுதியானவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பார்னெட்டும் அதை முழுமையாக நம்பினார். உதவி கேட்டு வருபவரைக் குழு விசாரிக்கும். குடிப்பவரா, சோம்பேறியா, முன்பு சேமித்தாரா என்றெல்லாம் பார்க்கும். தேறியவருக்கு உதவி, தேறாதவருக்கு இல்லை.

தேறாதவர் எங்கே போவார்? அரசாங்கத்தின் வறியோர் இல்லத்துக்கு. 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த அந்த இல்லத்துக்குள் போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். யாரும் விரும்பி வரக் கூடாது என்பதற்காகவே கடுமையாக நடத்தப்பட்ட இடம். வைட்செப்பலில் வீட்டிலிருப்போருக்குக் கொடுத்துவந்த அரச நிவாரணம் அந்தக் காலத்தில் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தப்பட்டது. வறியோர் சட்டத்தை நடத்திய சபையில் பார்னெட்டும் அங்கத்தவராக இருந்தார். நிறுத்தியதை அவரும் ஆதரித்தார்.

அந்த மனிதரைப் புகழ மட்டும் நான் இதை எழுதவில்லை. வரிசையில் நிறுத்திக் காசு எறிவது ஒரு அவமானம். விசாரணைக் கதிரையில் உட்கார வைத்து நீ நல்லவனா என்று கேட்பது இன்னொரு அவமானம். ஒன்றை ஒழிக்கப்போய் மற்றொன்றில் விழுந்தார்.

ஆனால் அவரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அவர் அந்தப் பங்கிலேயே குடியிருந்தார். இருபது வருடங்கள். தினமும் அதே தெருவில் நடந்தார், அதே மனிதர்களைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய கருத்து மாறியது. ஒருவன் ஏழையாக இருப்பதற்கு அவனுடைய குணம்தான் காரணம் என்பது பொய் என்று கண்டார். நாள் முழுக்கத் துறைமுக வாசலில் நின்றும் வேலை கிடைக்காதவனை எந்த விசாரணைக் குழு திருத்தும்? 1883இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் முதியோருக்கு அரசே ஓய்வூதியம் கொடுக்க வேண்டும் என்றார். 1895இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்திலேயே எழுந்து, நீங்கள் பழைய விதிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்ற பொருள்பட வெளிப்படையாக விமர்சித்தார். தான் நம்பிய ஒன்றைத் தன் நண்பர்கள் முன்னாலேயே பிழை என்று சொல்வது லேசான காரியமல்ல.

அவர்களுடைய பங்கு பிறகு என்ன செய்தது?

1877இல் ஹென்றியேட்டா நலிந்த பிள்ளைகள் சிலரைக் கோடை விடுமுறைக்குக் கிராமத்துக் குடும்பங்களோடு தங்க அனுப்பினார். சுத்தமான காற்று, பால், விளையாட்டு. வேறொன்றும் இல்லை. அது வளர்ந்து லண்டன் பிள்ளைகளுக்கான பெரிய விடுமுறை நிதியமாக மாறியது.

1881இல் பங்கின் பாடசாலை அறைகளில் ஓவியக் கண்காட்சி ஒன்றை வைத்தார்கள். புகழ்பெற்ற ஓவியர்களின் படங்களை இரவல் வாங்கிக் கொண்டுவந்தார்கள். சோறில்லாதவனுக்கு ஓவியமா என்று சிரித்தவர்கள் உண்டு. ஞாயிறன்று திறந்ததற்கு எதிர்ப்பும் வந்தது. ஆனால் கூலித்தொழிலாளிக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தானே? ஆயிரக்கணக்கில் வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வருடமும் நடந்த அந்தக் கண்காட்சிதான் 1901இல் வைட்செப்பல் ஓவியக்கூடமாகக் கட்டடம் பெற்றது. இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே 1892இல் பொது நூலகம் ஒன்றும் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் பார்னெட்டும் ஒருவர்.

1884 டிசம்பரில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் டொயின்பீ ஹோல் திறக்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் படித்த இளைஞர்கள் அங்கே வந்து குடியிருந்தார்கள். காசை அனுப்பாதே, நீயே வந்து அயலவனாக இரு என்பதுதான் யோசனை. மாலை வகுப்புகள் நடத்தினார்கள். 1898இல் ஏழைகளுக்கு இலவச சட்ட ஆலோசனை தொடங்கினார்கள். வாடகைப் பிணக்கு, வேலைத்தலத்தில் காயம், கடன் என்று வருபவருக்கு ஒரு சட்டத்தரணி உட்கார்ந்து பதில் சொன்னார். சட்ட ஆலோசனை கேட்டு வருபவர் யாசகராக வருவதில்லை. தன் உரிமையைக் கேட்டு வருகிறார். உதவி அதே உதவிதான், வருபவரின் தலை மட்டும் நிமிர்ந்திருக்கிறது.

அமெரிக்கப் பெண்ணொருவர் 1888இல் அதைப் பார்க்க வந்தார். ஜேன் அடம்ஸ். திரும்பிப் போய் மறு வருடமே சிக்காகோவில் ஹல் ஹவுஸ் தொடங்கினார். 1931இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

இன்னும் இருவர். 1903 முதல் 1905 வரை டொயின்பீ ஹோலில் துணைப் பொறுப்பாளராக இருந்த இளைஞர் வில்லியம் பெவரிட்ஜ். பிறகு கொஞ்சக் காலம் அங்கே செயலாளராக இருந்தவர் கிளமென்ட் அட்லி. பெவரிட்ஜ் 1942இல் எழுதிய அறிக்கைதான் பிரித்தானியாவின் சமூகக் காப்புறுதித் திட்டத்துக்கு அடிப்படை. அட்லி 1945இல் பிரதமரானார். அவருடைய ஆட்சியில் 1948 ஜூலை 5ஆம் திகதி எல்லோருக்கும் இலவச வைத்தியம் தொடங்கியது. இதெல்லாம் ஒரு பங்கால் மட்டும் நடந்ததென்று சொல்லவில்லை. தொழிற்சங்கங்களும் போராட்டங்களும் யுத்தமும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் ஏழ்மை எப்படி இருக்கும் என்பதை அந்த இருவரும் அந்தக் கிழக்கு லண்டன் தெருக்களில்தான் கிட்ட நின்று பார்த்தார்கள்.

1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது வயது தாண்டிய ஏழைகளுக்குக் கிழமைக்கு 5 ஷிலிங் வரை. நிபந்தனைகள் இருந்தன, தொகையும் சிறியது. ஆனாலும் 1909 ஜனவரி 1ஆம் திகதி முதல் அதைத் தபாற்கந்தோரில் போய் வாங்கினார்கள். தேவாலய வாசலிலோ வறியோர் இல்லத்திலோ அல்ல. முத்திரை வாங்க வருபவரும் ஓய்வூதியம் வாங்க வருபவரும் ஒரே கவுன்டரில். பார்னெட் அதைப் பார்த்துவிட்டுத்தான் 1913இல் இறந்தார்.

அந்தத் தேவாலயம் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். வைட்செப்பலில் பார்னெட் காலத்திலேயே ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பிவந்த யூதர்கள் குடியேறினார்கள். பிறகு வங்காள முஸ்லிம்கள் வந்தார்கள். பக்கத்தில் பிரிக் லேன் தெருவில் ஒரு கட்டடம் இருக்கிறது. 1743இல் பிரெஞ்சுக் கிறிஸ்தவ அகதிகளின் தேவாலயமாகக் கட்டப்பட்டு, 1898இல் யூத ஆலயமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கிறது. டொயின்பீ ஹோல் இன்றும் அதே இடத்தில் சட்ட ஆலோசனையும் கடன் ஆலோசனையும் கொடுக்கிறது. கேட்டு வருபவர்களில் நம் சமூகத்தவரும் இருக்கிறார்கள். யார் தொடங்கியது, யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பவரைப் பற்றி நமது ஹதீஸில் இருக்கிறது. கிறிஸ்தவர்களின் வேதத்திலும் அதே போதனை இருக்கிறது. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தருமத்தைப் பாழாக்காதீர்கள் என்று குர்ஆன் சொல்கிறது. கேட்காமல் மானத்தோடு இருப்பதால் வசதியானவர் என்று நினைக்கப்படும் ஏழையைப் பற்றியும் சொல்கிறது. அந்தக் கடைசி மனிதர் எந்த வரிசைக்கும் வரமாட்டார். அவரை அயலவனுக்குத்தான் தெரியும்.

ஆகவே, குழுவிலுள்ள சகோதரர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பட்டியலை மண்டபத்தில் வைத்து எழுத வேண்டாம். ஒழுங்கைக்கு இரண்டு பேர் என்று பிரித்து, அங்கே குடியிருப்பவர்களே எழுதட்டும், பெண்களும் அதில் இருக்கட்டும். பொதியை இஷாவுக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். படம் வேண்டாம். கணக்கைக் காட்டுவோம், முகத்தைக் காட்ட வேண்டாம். காசு அனுப்பும் வெளிநாட்டுச் சகோதரர்கள் படம் கேட்டால் பற்றுச்சீட்டை அனுப்புவோம்.

இன்னொன்று. அஸ்வெசும மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பத் தெரியாமல் விட்டுவிட்ட குடும்பங்கள் நமது ஊரில் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருப்பவர்களும், காணி உறுதியில் சிக்கல் உள்ளவர்களும் இருக்கிறார்கள். பொதி ஒரு மாதத்துக்குப் போதும். சரியாக எழுதப்பட்ட ஒரு படிவம் வருடக்கணக்கில் சோறு போடும். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் நான் உட்காரத் தயார். எழுதத் தெரிந்த வேறு ஆசிரியர்களும் வந்தால் நல்லது.

அந்தப் பையன் இப்போது தரம் ஒன்பது. கணிதத்தில் கெட்டிக்காரன். என்னோடு பேசுகிறான், சிரிக்கிறான். நான்தான் அவனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு ஆசிரியர் மாணவனிடம் கேட்பதா என்று ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டே இருந்தது. இன்ஷா அல்லாஹ், நோன்புக்கு முன் கேட்டுவிடுவேன்.