உறை மோரும் ஒரு பிரிண்டரும்

போன மாசம் எங்க வீட்டு மிக்ஸியோட குமிழ் உடைஞ்சு போச்சு. 1, 2, 3-ன்னு திருப்புவோமே, அந்தக் குமிழ்தான். மோட்டார் நல்லா இருக்கு, ஜார் நல்லா இருக்கு, பிளேடு நல்லா இருக்கு. அம்மா பத்து நாளா குறடு வெச்சுத் திருகி சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தாங்க. ரிப்பேர் கடைக்காரர், "இந்த மாடலுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல தம்பி, புதுசு ஒண்ணு வாங்கிடுங்க"ன்னு முடிச்சுட்டார்.

அம்மா என் ரூமுக்கு வந்து மேசை மேல இருந்த 3டி பிரிண்டரைக் காட்டி, "ஆறு மாசமா இதுல பொம்மையா பண்ணித் தள்ளுறியே, ஒரு குமிழ் பண்ணித் தர முடியாதா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி :-)

நான் பொட்டி தட்டுற ஆளுங்க. காலேஜ் ஒர்க்‌ஷாப்ல ஒரு இரும்புத் துண்டை அரம் வெச்சு ரெண்டு மணி நேரம் தேய்ச்சதோட, கையால பொருள் செய்யுற வேலைக்கும் எனக்கும் இருந்த உறவு முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். எப்படியோ வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்து, கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, ஒரு குமிழை அச்சடிச்சேன். மாட்டித் திருகினதும் படார்னு அடுக்கு அடுக்காப் பிரிஞ்சு வந்துடுச்சு.

காரணத்தைத் தேடினா, 100 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழையை உள்ளே தள்ளுன்னு சொன்னா மெஷின் 93 மில்லிமீட்டர்தான் தள்ளுது. மோட்டார் கணக்கைத் திருத்தணும். அதுக்காக மார்லின்-ங்கிற அந்த பிரிண்டரோட உள் மென்பொருளைத் திறந்தேன். ஃபைலோட தலைமாட்டுல ஒரு குறிப்பு. இது ஸ்பிரின்டர், ஜிஆர்பிஎல்-னு ரெண்டு பழைய நிரல்களை வெச்சு எழுதினது, 2011-ல எழுதினவங்க காமியல் குபெல்ஸ், எரிக் வான் டெர் ஸால்ம்-னு போட்டிருந்தது.

யாருய்யா நீங்கல்லாம்? எங்க வீட்டு மிக்ஸிக் குமிழுக்குள்ள எப்படி வந்தீங்க? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு ராத்திரி பின்னாடி போனேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல, இந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு ரெண்டு வரியில. பிளாஸ்டிக் இழையை 200 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு உருக்கி, 0.4 மில்லிமீட்டர் துளை வழியா கோலம் போடுற மாதிரி ஒரு அடுக்கு போடும். அது மேல இன்னொரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் 0.2 மில்லிமீட்டர் உயரம். முறுக்கு பிழியுற கதைதான், என்ன, பிழியுற கையை ஒரு கம்ப்யூட்டர் நகர்த்துது.

இது புது சமாச்சாரம்னு நெனச்சா தப்பு. 1980-லயே ஜப்பான்ல ஹிடியோ கொடாமா, ஒளி பட்டா இறுகுற பிசினை வெச்சு அடுக்கடுக்கா உருவம் செய்யுற முறைக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். அதை முழுசா முடிக்காம விட்டதால வாய்ப்பு கைநழுவிப் போச்சு. அமெரிக்காவுல சக் ஹல் 1984-ல விண்ணப்பம் போட்டு 1986-ல காப்புரிமை வாங்கி, 3டி சிஸ்டம்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சார்.

என் மேசையில இருக்குற வகைக்குத் தகப்பன் வேற ஒருத்தர், ஸ்காட் கிரம்ப். 1988-ல தன் மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்யணும்னு, சூடா பசை ஊத்துற துப்பாக்கியில பாலிஎத்திலீனையும் மெழுகையும் கலந்து போட்டு அடுக்கடுக்கா ஊத்திப் பார்த்தார். அடுத்த வருஷமே அதுக்குக் காப்புரிமை கேட்டார், ஸ்டிராட்டசிஸ்னு கம்பெனியும் வந்தது. 1992-ல காப்புரிமை கிடைச்சது. ஒரு அப்பா வீட்டுல ஆரம்பிச்ச வேலை, அதுக்கப்புறம் பல வருஷம் வேற எந்த அப்பாவும் வீட்டுல செய்ய முடியாத வேலையா ஆகிப்போச்சு. மெஷின் விலை பெரிய கம்பெனிகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும்தான் கட்டுப்படி ஆகும். அந்த முறைக்கு அவங்க வெச்ச பேரைக்கூட வணிக முத்திரையாப் பதிஞ்சு வெச்சிருந்தாங்க. அதனாலதான் பின்னாடி வந்த ஆர்வலர்கள் அதே முறைக்கு வேற பேர் வெக்க வேண்டியதாச்சு.

அவர் மேல குத்தம் சொல்லலை. கண்டுபிடிச்சவர் காசு பார்க்கத்தானே செய்வார். ஆனா கதவு பூட்டியே இருந்துச்சுங்கிறதும் உண்மை.

இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துல ஏட்ரியன் போயர்னு ஒரு பேராசிரியர். 2004-ல அவர் ஒரு யோசனையை எழுதி வெளியிட்டார். பொருள்களைச் செய்யுற மெஷினால தன்னோட பாகங்களையே செய்துக்க முடிஞ்சா என்ன ஆகும்? தன்னைத்தானே படியெடுக்குற இயந்திரம் பத்தி கணித மேதை ஜான் வான் நாய்மன் எப்பவோ கோட்பாடா எழுதி வெச்சுட்டார். போயர் அதை மேசை மேல செஞ்சு பார்க்கக் கிளம்பினார். 2005-ல திட்டம் தொடங்கிச்சு. பேரு ரெப்ராப்.

வரைபடம், மென்பொருள், சர்க்யூட் எல்லாத்தையும் ஜிபிஎல் உரிமத்துல இலவசமாக் கொடுத்துடுறதுன்னு முடிவு பண்ணினார். நம்ம துறை ஆளுங்களுக்கு அது தெரிஞ்ச உரிமம்தான். எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ, ஆனா மாத்தினதைக் கொடுக்கும்போது அதே உரிமையோட கொடு.

போயர் சொன்ன காரணம் தாராள மனசு மட்டும் இல்லைங்க, இதுல ஒரு கணக்கும் இருக்கு. தன்னைத்தானே பெருக்கிக்கிற பொருளை விக்கவே முடியாது. ஒருத்தருக்கு ஒண்ணு வித்தா அவரே அடுத்ததைச் செஞ்சு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடுவார். அதைப் பூட்டி வெச்சா காலமெல்லாம் கோர்ட்டு வாசல்லதான் நிக்கணும்.

மெஷினுக்கு மூளை வேணுமே? அதே 2005-ல இத்தாலியில இவ்ரியா ஊர்ல இருந்த ஒரு டிசைன் கல்லூரியில ஆர்டுயினோ பிறந்தது. எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவங்களும் மோட்டாரையும் விளக்கையும் ஆட்டி வைக்கிறதுக்கான மலிவான போர்டு. இதுலயும் ஒரு உள்கதை உண்டு. ஆர்டுயினோவுக்கு அடித்தளம், கொலம்பியாவுல இருந்து அங்கே படிக்க வந்த ஹெர்னாண்டோ பராகான் தன் முதுநிலை ஆய்வுக்காகச் செஞ்ச வயரிங்-ங்கிற திட்டம். மாசிமோ பான்சி முதலானவங்க அதுல இருந்து கிளைச்சு, இன்னும் மலிவான சிப்பைப் போட்டு ஆர்டுயினோவைக் கொண்டுவந்தாங்க. போர்டு உலகம் பூரா போச்சு, பராகான் பேரு போகலை. 2016-ல அவரே உட்கார்ந்து தன் பக்கத்துக் கதையை எழுத வேண்டியதாச்சு. உரிமம் இருந்தா மட்டும் போதாது, யாருகிட்டேருந்து எடுத்தோம்னு சொல்ற வாயும் வேணும்.

ரெப்ராப் கதைக்கு வருவோம். 2006 செப்டம்பர்ல சோதனை மெஷின் ஒண்ணு, தனக்கான முதல் பாகத்தைத் தானே அச்சடிச்சது. அப்புறம் டார்வின்னு பேர் வெச்ச முதல் முழு மெஷின் வந்தது. மூங்கில் பந்தல் மாதிரி கம்பிகளைக் கட்டி, மூலைகளுக்கு மட்டும் அச்சடிச்ச பாகங்கள். 2008 ஏப்ரல்ல கார் டேஷ்போர்டுல ஐபாடைப் பிடிச்சு வெக்க ஒரு கிளிப் அச்சடிச்சாங்க. வீட்டுல ஒருத்தருக்குத் தேவைப்பட்டு ரெப்ராப்ல செஞ்ச முதல் பொருள் அதுவாத்தான் இருக்கும்னு சொல்றாங்க. எங்க வீட்டு மிக்ஸிக் குமிழுக்கு அது பெரியப்பா முறை!

2008 மே 29. பாத் பல்கலைக்கழகத்துல ரெண்டு மெஷின் பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணு தாய். அதோட பிளாஸ்டிக் பாகங்கள் விலை கூடின வணிக மெஷின்ல செஞ்சது. இன்னொண்ணு குழந்தை. அதோட பிளாஸ்டிக் பாகங்கள் எல்லாம் தாய் அச்சடிச்சுக் கொடுத்தது. நியூஸிலாந்துல இருந்து சேர்ந்த ஆர்வலர் விக் ஆலிவரும் போயரும் பக்கத்துல நிக்கிற படம் இருக்கு. குழந்தையைப் பூட்டி முடிச்ச சில நிமிஷத்துல அது ஒரு பாகத்தை அச்சடிச்சது. பேரனுக்கான முதல் பாகம்!

ரொம்ப மிகைப்படுத்தக் கூடாது. மோட்டார், இரும்புக் கம்பி, நட்டு, போல்ட்டு, சர்க்யூட் போர்டு எதையும் அது அச்சடிக்கலை, எல்லாம் கடையில வாங்கினது. பூட்டுறதுக்கும் மனுஷன் வேணும். பூவும் தேனீயும் மாதிரின்னு போயர் சொல்லுவார்.

இதைப் படிச்சுக்கிட்டு இருந்தப்போ எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தோட வந்து, "உறை மோர் கொஞ்சம் இருக்கா?"ன்னாங்க. அம்மா ஒரு கரண்டி ஊத்திக் கொடுத்தாங்க. அப்பதான் எனக்கு உறைச்சது (சிரிக்காதீங்க). உறை மோர் கொடுத்தா நம்ம வீட்டுத் தயிர் குறையுறதில்ல. நாளைக்கு நம்ம தயிர் கெட்டுப்போனா அவங்க வீட்டுல இருந்து வாங்கிக்கலாம். இத்தனை வீட்டுலயும் தயிர் நிக்கிறது எப்படி? யாரும் அந்தக் கரண்டிக்குக் காசு கேக்காததாலதான்.

ரெப்ராப் பரவினது அப்படியேதான். மெஷின் வெச்சிருந்தவங்க அடுத்தவங்களுக்குப் பாகங்களை அச்சடிச்சுக் கொடுத்தாங்க. 2009-ல மெண்டல்னு அடுத்த தலைமுறை. 2010-ல செக் நாட்டுல மாணவரா இருந்த யோசெப் ப்ரூஷா அதை எளிமையாக்கி ப்ரூஷா மெண்டல் கொண்டுவந்தார். என் ஃபைல் தலைமாட்டுல இருந்த ஜிஆர்பிஎல்-லும் 2009-ல நார்வேக்காரர் ஒருத்தர் ஆர்டுயினோவுக்காக எழுதினதுதான். கிரம்ப்போட முதல் காப்புரிமையும் அதே 2009-ல காலாவதியாச்சு. பூட்டு கழண்டுச்சு.

இங்கதான் கதை கசக்குது.

அதே 2009-ல நியூயார்க் புரூக்ளின்ல ப்ரீ பெட்டிஸ், ஆடம் மேயர், ஸாக் ஸ்மித் மூணு பேரும் மேக்கர்பாட் ஆரம்பிச்சாங்க. ஸ்மித் ரெப்ராப்ல ஆரம்பத்துலயே உழைச்சவர். 750 டாலருக்கு கப்கேக்னு ஒரு ப்ளைவுட் கிட். டிசைன் திறந்தே இருந்தது. ஆர்டர் குவிஞ்சு பாகம் பத்தாம போனப்போ, ஏற்கெனவே கப்கேக் வாங்கினவங்ககிட்டேயே பாகங்களை அச்சடிச்சுத் தரச் சொல்லிக் கேட்டாங்க. வாங்கினவங்களும் செஞ்சு அனுப்பினாங்க. அவ்வளவு ஒட்டுறவு.

2012 செப்டம்பர்ல ரெப்ளிகேட்டர் 2 வந்தது. அதோட வரைபடத்தை வெளியிடலை. அதுக்கு முன்னாடியே வெளியே போயிருந்த ஸ்மித் பகிரங்கமா வருத்தப்பட்டு எழுதினார். ப்ரூஷாவும் கொதிச்சார். 2013-ல மேக்கர்பாட்டை 403 மில்லியன் டாலர் மதிப்புக்குப் பங்குகளாக் கொடுத்து ஒரு கம்பெனி வாங்கிச்சு. எந்தக் கம்பெனி? ஸ்டிராட்டசிஸ். அதேதான், பொம்மைத் தவளைக் கம்பெனி!

மேக்கர்பாட் பக்கத்தையும் சொல்லிடணும். சம்பளம் கொடுக்க வேண்டிய ஆளுங்க இருந்தாங்க. 2012-லதான் ஒருத்தர் அவங்க டிசைனை அப்படியே எடுத்து மலிவா விக்கிறேன்னு கிக்ஸ்டார்ட்டர்ல கிளம்பினார், போதிய பணம் சேராம நின்னு போச்சு. அன்னிக்குக் கொதிச்ச ப்ரூஷாவே, 2023-ல தன் எம்கே4 பிரிண்டரோட போர்டு வரைபடங்களை முன்ன மாதிரி உடனே வெளியிடலை. எடுக்குறவங்க திருப்பிக் கொடுக்கிறதில்லைங்கிறது அவரோட குறை. திறந்து வெக்கிறது சுலபம், பசி வந்தப்புறமும் திறந்தே வெக்கிறதுதான் கஷ்டம். எனக்கு மாசாமாசம் சம்பளம் வருது, அதனால அவங்களை நாலு வார்த்தை திட்டுற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியலை.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஒரு கம்பெனி கதவை மூடினதால கதை முடிஞ்சுடலை. ஏன்னா அதுக்கு முன்னாடியே கரண்டி கரண்டியா எத்தனையோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. குபெல்ஸும் ஸால்மும் 2011-ல எழுதினதை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. 2020 மார்ச்சுல கொரோனா வந்து மருத்துவர்களுக்கு முகக் கவசம் கிடைக்காம தவிச்சப்போ, ப்ரூஷா வெளியிட்ட வரைபடத்தை வெச்சு பல நாடுகள்ல ஜனங்க வீட்டு மேசையிலேயே கவசச் சட்டங்களை அச்சடிச்சுக் கொடுத்தாங்க. மெஷின் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்ததாலதான் அது முடிஞ்சது.

சரி, குமிழ் என்னாச்சு? மோட்டார் கணக்கைத் திருத்தி ரெண்டாவது அடிச்சேன், துளை சிறுசாப் போச்சு. மூணாவது கச்சிதம். அம்மா திருகிப் பார்த்துட்டு, "ம்ம்... நிறம்தான் கண்ணைக் குத்துது"ன்னாங்க. ஆரஞ்சு இழைதான் கையில இருந்துச்சு, என்ன பண்ண.

அந்த ஃபைல் ஒரு மாசமா என் லேப்டாப்லயே கிடந்தது. இந்த வரலாற்றைப் படிச்சு மேக்கர்பாட் மேல கோபப்பட்டுக்கிட்டு இருந்தப்பதான் அது ஞாபகம் வந்தது. நானும் எடுத்துக்கிட்டு மூடித்தானே வெச்சிருக்கேன்? நேத்து ராத்திரி அளவு, படம், மாடல் நம்பர் எல்லாத்தோடயும் பொதுவுல ஏத்திட்டேன். எந்த மென்பொருள்ல வரைஞ்சேன், யாரோட நிரல் இதை அச்சடிச்சதுன்னும் எழுதி வெச்சேன். அந்தப் பழைய மாடலை இன்னும் எத்தனை பேர் வெச்சிருக்காங்களோ. ஒரு வீடு இருந்தாலும் சரி, அங்கே யாரும் குறடு தேட வேண்டாம்.

பி.கு: பிஎல்ஏ இழை 60 டிகிரி சுமாருக்கே இளக ஆரம்பிச்சுடும். இந்த மாதிரி குமிழ் அச்சடிச்சா மிக்ஸியை அடுப்புக்குப் பக்கத்துல வெக்காதீங்க. எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, இப்ப இருக்குறது நாலாவது குமிழ் :-)