கொச்சி யூதரின் பஸ்காப் பந்தி

தென்காசி, குற்றாலம் பகுதியினின்று செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கே இறங்குவோர் அடையும் துறைமுகம் கொல்லம். அங்கிருந்த தரிசாப்பள்ளிக்குக் கி.பி. 849இல் அளிக்கப்பெற்ற செப்பேடுகளில் எபிரெய எழுத்தில் கையொப்பமிட்ட சாட்சிகளும் உளர். யூதர் நமக்கு அத்துணைப் பழைய அண்டையார். பிற்காலத்தில் அவர்களுடைய தலையாய இருப்பிடம் கொச்சியாயிற்று.

பஸ்கா வீட்டிற்கே உரிய திருநாள். வீட்டிற்கு ஓர் ஆட்டுக்குட்டி என யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் விதித்ததை நாம் அறிவோம். கி.பி. 70இல் எருசலேம் தேவாலயம் அழிந்தபின் பலி நின்றது, பந்தி நிலைத்தது. கொச்சியில் இதற்குரிய ஆயத்தம் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கும். வீட்டிற்கு வெள்ளையடித்தனர், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினர், தனிப் பாத்திரங்களைக் காத்து வைத்தனர். ஐரோப்பிய யூதர் பலர் இந்நாள்களில் சோற்றை விலக்க, கொச்சியார் உண்டனர். ஆனால் அரிசியை மணி மணியாக ஆய்ந்தே உலையிலிட்டனர். இரசம் உலர்ந்த திராட்சையினின்று செய்யப்பட்டது. இவ்வாசாரத்தில் அண்டை உயர்சாதியாரின் மடியும் கலந்திருந்தது என்று ஆய்வாளர் கூறுவதை நாமும் ஏற்கிறோம்.

பந்தியின் தொடக்கத்திலோ பசித்தோர் யாவரையும் உண்ண வரவேற்கும் அழைப்பு உண்டு. அவ்வழைப்பைக் கூறியவர்களே, 1568இல் எழுந்த பரதேசி ஜெபஆலயத்தில், அடிமைவழி வந்தோர் எனப்பட்ட யூதரை இருக்கையில் அமரவிடவில்லை. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) ஆலயத்திற்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்த பின்னரே அத்தடை தளர்ந்தது.

நம் திருவிருந்திலும் சாதி வரிசை இருந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அதை விலக்க ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் வரிசையை விடாமல் சபையை விட்டனர்.